ஷகிலாக்கா எண் போட்ட டிப்புகள்

தர்மபுரி கடைவீதியில் என் ஜெராக்ஸ் கடைக்கும் ஷகிலாக்கா கடைக்கும் நடுவே ஒரு பிளைவுட் தடுப்பு மட்டும்தான். அந்தப் பக்கம் அவர் தும்மினால் எனக்குக் கேட்கும். இந்தப் பக்கம் நான் யாரையாவது பிடித்துத் திட்டினால் அவருக்குக் கேட்கும். இரண்டாவதுதான் அடிக்கடி நடக்கும் என்பதை மறைப்பதற்கில்லை. ஆதார் கார்டின் முன்பக்கத்தை மட்டும் போனில் போட்டோ எடுத்துவந்து, பின்பக்கமும் சேர்த்து ஜெராக்ஸ் கேட்பவர்களிடம் பொறுமையாக இருக்க நான் என்ன மகானா?

ஷகிலாக்கா பாத்திரத்தில் பெயர் எழுதுகிறவர். கல்யாணச் சீருக்கு வாங்கும் குடம், அண்டா, தாம்பாளம் எதுவும் எங்கள் ஊரில் பெயர் எழுதாமல் கடையை விட்டு நகராது. பத்தாவது முடித்துவிட்டு, பத்தொன்பது வயதில் ஒரு பாத்திரக் கடையில் பில் போடும் வேலைக்குச் சேர்ந்தவர் அவர். ஒரு முகூர்த்த நாளில் அங்கே பெயர் எழுதுகிற ஆள் வராமல் போக, வாடிக்கையாளர்கள் கத்த, நான் எழுதிப் பார்க்கட்டுமா என்று மின்சாரப் பேனாவைக் கையில் எடுத்தார். இருபத்து மூன்று வருடமாகியும் அதைக் கீழே வைக்கவில்லை. வைத்தார் என்றால், நான்கு வருடத்துக்கு முன் லேசர் மிஷின் வாங்கினபோதுதான் வைத்தார். இப்போது கம்ப்யூட்டரில் பெயரை அடித்து, பாத்திரத்தை அடியில் வைத்தால், ஒரு நிமிடத்துக்குள் எழுத்து சுட்டு விழுந்துவிடும். கணவர் அப்துல் கனி லாரி ஓட்டுகிறார். மாதத்தில் பாதி நாள் வெளி மாநிலத்தில் இருப்பார்.

அக்காவிடம் ஒரு குணம் உண்டு. எதைப் பார்த்தாலும் ஏன் என்று கேட்காமல் விடமாட்டார். கேட்ட கேள்விகளுக்குப் பயந்து, லேசர் மிஷின் விற்றவன் அவர் போனை எடுப்பதையே நிறுத்திவிட்டான். என் ஜெராக்ஸ் மிஷினிலிருந்து தாள் ஏன் சூடாக வருகிறது என்று ஒரு வாரம் கேட்டுக்கொண்டிருந்தார். மூடியைத் திறந்து உருளையைக் காட்டிய பிறகுதான் விட்டார். பத்து வருடமாக அதை வைத்துப் பிழைக்கிற எனக்கு அந்தக் கேள்வி ஒருநாளும் வந்ததில்லை. அதனால் எனக்கு எரிச்சல்தான் வந்தது.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். எங்கள் கடைவீதியில் பெயரோ தேதியோ தப்பாக எழுதிவிட்டால், அந்தப் பாத்திரம் எழுதியவர் தலையில். புதுசு வாங்கிக் கொடுத்துவிட்டு, கெட்டதை அவரே வீட்டுக்கு எடுத்துப் போக வேண்டியதுதான். ஷகிலாக்கா வீட்டில் பருப்பு வேகிற குண்டானில் குள்ளம்மாள், அர்ச்சுனன் என்று யாரோ ஒரு தம்பதியின் பெயரும், ஒரு நாள் தள்ளித் தப்பாக எழுதிவிட்ட கல்யாணத் தேதியும் இருக்கும். அந்த மாதிரி அவர் வீட்டுக்குப் போனவை இத்தனை வருடத்தில் ஏழே ஏழு பாத்திரம்தான். மற்றவர்கள் வீட்டில் பரணே நிறைந்து கிடக்கிறது. அந்த நல்ல பெயரை நம்பித்தான் அவருக்கு வேலை வந்தது. அதற்கு வேட்டு வைத்தது நான்.

ஆரோக்கிய பிரவீன் என்று ஒரு பையன். பையன் என்கிறேனே தவிர முப்பத்தொரு வயது. ஓசூர்க் கம்பெனிகளில் ஏழு வருடம் இருந்துவிட்டு, அதியமான்கோட்டையில் ஹைவே ஓரமாகச் சொந்தமாக ஒரு லேத் பட்டறை போட்டவர். வரைபடங்களை என்னிடம்தான் நகல் எடுப்பார். போன மாசி மாதம் ஒரு திங்கட்கிழமை வந்தவர் முகத்தில் ஒரே பரபரப்பு. ஓசூரில் ஒரு கம்பெனி சோதனையாக ஒரு வேலை கொடுத்திருக்கிறதாம். டைட்டானியம் கலந்த உலோகத்தில் விரல் நீளத்துக்குப் பன்னிரண்டு புஷ், அதாவது சின்னக் குழல்கள், கடைந்து தர வேண்டும். அது எந்த மிஷினுக்குள் போகிறது என்று அவருக்கே சொல்லவில்லை. உலோகத் துண்டு பதின்மூன்றை எண்ணிக் கொடுத்திருந்தார்கள். ஒன்று கெட்டால் பரவாயில்லை, இரண்டு கெட்டால் வேலை போச்சு. வெள்ளிக்கிழமை பன்னிரண்டும் சரியாகப் போய்ச் சேர்ந்தால் வருடம் முழுக்க வேலை. இல்லையென்றால் பட்டறையைப் பூட்டிவிட்டுப் பழையபடி ஓசூர் பஸ் ஏற வேண்டியதுதான் என்று சிரித்தார். சிரிப்பில் சத்து இல்லை.

டைட்டானியம் அவ்வளவு கெட்டியா என்று கேட்டேன். கெட்டி ஒரு பெரிய விஷயமில்லையாம், தொல்லை வேறாம். லேத்தில் சீவுகிற வேலையைச் செய்வது டிப் என்கிற கார்பைடு துண்டு. கட்டைவிரல் நகம் அளவுக்கு ஒரு முக்கோணம். இரும்பைச் சீவினால், பிறக்கிற சூட்டில் பெரும்பகுதி, சீவி வருகிற சுருளோடு சுருளாக வெளியே போய்விடும். டைட்டானியம் சூட்டைச் சீக்கிரம் கடத்தாது. அத்தனை சூடும் டிப்பின் முனையிலேயே உட்கார்ந்துகொள்ளும். பிறகு உலோகம் டிப்பின் முகத்தில் ஒட்டும். ஒட்டினது பிய்ந்து வரும்போது டிப்பையும் கொஞ்சம் பிய்த்துக்கொண்டு வரும். பழகாத தோசைக்கல்லில் முதல் தோசை எடுக்கிற கதைதான் என்றேன். அதேதான் என்றார்.

அவரிடம் இருந்தது ஐந்து டிப்புகள். மேல்முகம் வழவழவென்று தட்டையாக இருக்கிற ரகம், பெங்களூரில் ஒரு நண்பர் மூலமாகக் கிடைத்தது. ஒரு டிப்புக்கு மூன்று மூலை. ஒரு மூலை மழுங்கினால் திருப்பி அடுத்த மூலையை வைக்கலாம். டைட்டானியத்தில் மூலைக்கு ஒரு புஷ் ஓடினாலே பெரிது. பதினைந்து மூலை, பதின்மூன்று துண்டு, சரிக்குச் சரி. ஒரே ஒரு பயம், ஓடின மூலையும் ஓடாத மூலையும் பார்வைக்கு ஒரே மாதிரி இருக்கும். முன்பு வேறொரு வேலைக்கு மாதிரி ஓட்டிப் பார்த்தபோது அவருடைய லேத்காரர் மாது, ஓடின மூலையையே மறுபடி வைத்து ஒரு துண்டைப் பாழாக்கியிருக்கிறார். அதனால் மூலைகளுக்கு நம்பர் போட வேண்டும், யாராவது இருக்கிறார்களா என்று என்னிடம் கேட்டார். பக்கத்துக் கடை எதற்கு இருக்கிறது என்று கையைக் காட்டினேன்.

பிரவீனுக்கு அவசரம். மூலைக்கு மூலை ஒன்று, இரண்டு, மூன்று போட்டுவிடுங்கள் அக்கா என்று சொல்லிவிட்டு, லேத்தில் சூடு தணிக்க ஊற்றுகிற கூலண்ட் வாங்கப் போய்விட்டார். நடுவில் இருக்கிற திருகு ஓட்டையை ஒட்டி, மூலையைப் பார்த்தபடி எண் போடுவார் என்று அவர் நினைத்திருக்கிறார். அதை வாய்விட்டுச் சொல்லவில்லை.

பாத்திரத்தில் பெயர் எங்கே எழுதுவார்கள்? வாய் விளிம்புக்குக் கீழே. பந்தியில் பாத்திரங்களை ஒன்றுக்குள் ஒன்றாக அடுக்கினால் அந்த இடம் மட்டும்தான் வெளியே தெரியும், அவரவர் பாத்திரத்தை அடையாளம் பிடித்து எடுத்துக்கொள்ளலாம். ஆனால் விளிம்பைத் தொட்டுவிடவும் கூடாது. வாய் படுகிற இடம், சூடு பட்டால் துருப் பிடிக்கும். ஒரு நூல் இடைவெளி விடவேண்டும். இருபத்து மூன்று வருடம் அப்படியே எழுதின கை. ஷகிலாக்கா ஐந்து டிப்புகளையும், ஒரு பக்கம் தன்னைப் பார்த்து இருக்கும்படி வரிசையாக வைத்தார். இடது மூலையில் ஒன்று, வலது மூலையில் இரண்டு, மேல் மூலையில் மூன்று. எல்லாமே விளிம்பிலிருந்து நூல் இடைவெளியில், தட்டை முகத்தின் மேலேயே. டிப் சின்னது என்பதால் நூலும் சின்னதாகி மயிரிழை ஆகிவிட்டது. எனக்குக் காட்டினார். அழகாக இருக்கிறது என்று நானும் சொன்னேன். என் பெயரை, மணிமேகலை என்று, ஒரு டம்ளரில் எழுதிக் கொடுத்திருக்கிறார். அதைவிட இது நன்றாக இருந்தது.

மறுநாள் செவ்வாய்க்கிழமை சாயங்காலம் பிரவீன் பைக்கை ஸ்டாண்ட் கூடப் போடாமல் சுவரில் சாய்த்துவிட்டு வந்து நின்றார். கடைவீதியில் கூட்டம் இருக்கிற நேரம்.

"அக்கா, டிப்போட மூஞ்சிலயே எழுதி வெச்சிருக்கீங்க. சுருள் ஒரசிட்டுப் போற எடம் அது. பதிமூணுல ஒண்ணு போச்சு. என்னைக் கெடுத்துட்டீங்கக்கா."

எதிர்க்கடை ஆட்கள் எட்டிப் பார்த்தார்கள். எனக்குத் தலையை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியவில்லை. தப்பு தன்னுடையதுதான், ஐந்து டிப்பும் தன் தலையில், புதுசு வாங்கிக் கொடுத்துவிடுகிறேன் என்று ஷகிலாக்கா கடைவீதி வழக்கப்படி சொன்னார். பிரவீன் பெங்களூருக்குப் போன் போட்டு ஸ்பீக்கரில் வைத்தார். அந்த ரகம் அடுத்த வாரம்தான் வருமாம். வெள்ளிக்கிழமைக்குள் கைக்கு வர வழியே இல்லை. எழுதின டிப்புகளை வைத்துத்தான் மிச்சத்தையும் ஓட்டியாக வேண்டும். ஓடாவிட்டால் பிரவீனுக்குப் பட்டறை போய்விடும். அதைக் கெடுத்தவர் என்ற பெயரோடு அக்கா இந்தக் கடைவீதியில் உட்கார்ந்திருக்க வேண்டும்.

அந்த நேரத்தில் அக்கா கேட்டதைத்தான் என்னால் மன்னிக்கவே முடியவில்லை. எந்த மூலை எத்தனை ஓடியது என்று கேட்டார். இடி விழுந்த வீட்டில் இதென்ன விசாரணை என்று நான் பல்லைக் கடித்தேன். பிரவீனும் எரிச்சலோடுதான் சொன்னார். முதல் டிப்பின் ஒன்றாம் மூலையில் இரண்டு புஷ் நன்றாக வந்தது. இரண்டாம் மூலையை வைத்த உடனே உலோகம் ஒட்டிக்கொண்டு கீறியது. அதே துண்டைக் காப்பாற்றலாம் என்று மூன்றாம் மூலையை வைத்தார்கள், அதுவும் ஒட்டியது, துண்டு பாழ்.

"மூலைக்கு ஒண்ணுதான் ஓடும்னீங்களே தம்பி. மொத மூலை எப்பிடி ரெண்டு ஓடுச்சு?"

ஒன்றாம் மூலைகளையே முதலில் ஓட்டிப் பார்க்கிறேன் என்றார் பிரவீன். பைக்கை எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

புதன்கிழமை மாது செய்தது எளிமையான வேலை. மிச்சம் இருந்த நான்கு டிப்பிலும் ஒன்றாம் எண் மூலையை மட்டும் வைத்து ஓட்டினார். ஒவ்வொன்றும் சொல்லிவைத்தாற்போல் இரண்டு இரண்டு புஷ் ஓடியது. ஆக மொத்தம் பத்து. ஒன்றாம் மூலைகள் தீர்ந்துவிட்டன. மிச்சம் இரண்டு துண்டு, வேண்டியதும் இரண்டு புஷ். இருப்பதோ கெடுக்கிற இரண்டாம் மூலையும் மூன்றாம் மூலையும்தான். சாயங்காலம் நான்கு மணிக்கு ஷகிலாக்கா கடையை மூடிவிட்டு என் முன்னால் வந்து நின்றார், வாட்ச் ரிப்பேர்காரரிடம் கேட்டு வாங்கிய லென்ஸ் கையில் இருந்தது. ஸ்கூட்டரை எடு என்றார். அனுப்பிவைத்த பாவம் எனக்கும் இருந்ததால் எடுத்தேன்.

பட்டறையில் மாதுதான் எங்களை முதலில் பார்த்தார். ஐம்பது வயது இருக்கும், இண்டூர்க்காரர், முப்பது வருடமாக லேத்தில் நிற்கிறவர். அவருக்கு அக்கா மேல் கோபமே இல்லை. ஒன்று என்பது ராசியான எண், மூன்று மூலையிலும் ஒன்று என்றே எழுதியிருந்தால் இந்நேரம் வேலை முடிந்திருக்கும் என்றார். அவர் விளையாட்டுக்குச் சொல்லவில்லை. பிரவீன் தலையில் கை வைத்துக்கொண்டு ஸ்டூலில் உட்கார்ந்திருந்தார்.

அக்கா டிப்புகளை வெளிச்சத்துக்குக் கொண்டுபோய், லென்ஸைக் கண்ணில் இடுக்கிக்கொண்டு பார்த்தார், பார்த்தார், பார்த்துக்கொண்டே இருந்தார். எனக்குக் கால் வலித்தது. பிறகு லென்ஸை என்னிடம் கொடுத்தார். லேசர் ஓர் எழுத்தை ஒரேயடியாகச் சுடுவதில்லை. மெல்லிய கோடுகளை, எல்லா எண்ணுக்கும் ஒரே திசையில் இடமிருந்து வலமாக, பக்கத்தில் பக்கத்தில் இழுத்து நிரப்புகிறது. கண்ணுக்கு முழுக் கறுப்பாகத் தெரிகிற எண், லென்ஸில் வெறும் வாய்க்கால் வாய்க்காலாகத் தெரிந்தது. ஒன்றாம் மூலையில் அந்த வாய்க்கால்கள் சுத்தமாக இருந்தன. செவ்வாய்க்கிழமை ஓட்டின டிப்பின் இரண்டாம் மூலையிலும் மூன்றாம் மூலையிலும் பல் இடுக்கில் கறி மாட்டினாற்போல வெள்ளி நிறத்தில் உலோகம் அடைத்துக்கொண்டு நின்றது.

அக்கா என்னிடம் கோடு போட்ட தாள் கேட்டார். என் பையில் இருந்த நோட்டிலிருந்து ஒன்றைக் கிழித்துக் கொடுத்தேன். அதில் ஒரு முக்கோணம் வெட்டினார். அடிப்பக்கம் நோட்டுக் கோட்டோடு சேர்ந்தே போனது. மற்ற இரண்டு பக்கமும் கோடுகளைச் சாய்வாக அறுத்துக்கொண்டு போயின. அதை மாது முன்னால் வைத்து, ஒவ்வொரு மூலையிலும் எந்தப் பக்கம் உலோகத்தை வெட்டுகிறது என்று காட்டச் சொன்னார். ஒன்றாம் மூலையில் வெட்டுவது அடிப்பக்கம். இரண்டாம் மூலையில் வலப்பக்கச் சாய்வு. மூன்றாம் மூலையில் இடப்பக்கச் சாய்வு. எண்ணுக்கும் ராசிக்கும் சம்பந்தமே இல்லை. கோடு, வெட்டுகிற ஓரத்தோடு ஒன்றாகப் போன இடத்தில் டிப் இரண்டு மடங்கு ஓடியிருக்கிறது. கோடு சாய்ந்து போன இடத்தில் அடைத்துக்கொண்டு கெடுத்திருக்கிறது.

பிரவீன் எழுந்து வந்துவிட்டார். ஓசூரில் இருந்தபோது, டிப் முகத்தில் நுணுக்கமாகக் கோடு போட்டால் சுருள் முழுசாக ஒட்டாமல் கோட்டு மேடுகளை மட்டும் தொட்டுக்கொண்டு போகும், பள்ளத்தில் கூலண்ட் தங்கும் என்று யாரோ சொல்லக் கேட்டதாக ஞாபகம் வந்தது அவருக்கு. அப்போது அதைப் பெரிதாக நினைக்கவில்லையாம். உடனே அவருக்கு ஆசை வந்துவிட்டது. இரண்டாம் மூலையில் சரியான திசையில் மறுபடி கோடு போட்டுத் தர முடியுமா என்று கேட்டார். அக்கா முடியாது என்றார். எழுதினதன் மேலேயே எழுதினால் பழைய கோடும் நிற்கும், இரண்டாவது சூட்டில் ஓரமும் வெடிக்கும். குடத்திலேயே அப்படிச் செய்து கையைச் சுட்டுக்கொண்டவர் அவர்.

மாது தாள் முக்கோணத்தைக் கையில் வைத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தார். அப்புறம் இரண்டாம் மூலையில் விரலை வைத்து, அடிப்பக்கமாகவே இழுத்தார்.

"ரெண்டாம் மூலையிலயும் இந்த அடி ஓரந்தான் வருது பாருங்க. நாம வலக்கையில பிடிக்கறதால சாய்வு வெட்டுது. இடக்கை ஹோல்டர் போட்டா, இதே ஓரம் அந்தப் பக்கம் முனையிலருந்து வெட்டும்."

லேத்தில் டிப்பைப் பிடிக்கிற ஹோல்டர் வழக்கமாக வலக்கை ரகம். துண்டை வெளியிலிருந்து உள்ளே பார்த்துச் சீவும். இடக்கை ரகம் உள்ளேயிருந்து வெளியே சீவிக்கொண்டு வரும். பட்டறையில் அது இல்லை. அரூரில் தான் முன்பு வேலை பார்த்த இடத்தில் ஒன்று கிடக்கிறது, விடியக்காலை பஸ்ஸில் போய் எடுத்து வந்துவிடலாம் என்றார் மாது. ஆனால் கையில் இருப்பது இரண்டே துண்டு. இதுவரை யாரும் ஓட்டிப் பார்க்காத முறை. பிரவீன் அக்காவைப் பார்த்து, நிச்சயமாக ஓடுமா என்று கேட்டார்.

"தெரியாதுங்க தம்பி. கோடு ஓரத்தோட போன எடத்துல அஞ்சு மூலைக்கு அஞ்சும் ஓடியிருக்கு. எனக்குத் தெரிஞ்சது அவ்வளவுதான்."

ஓடும் என்று ஒரு வார்த்தை சொல்லிவிட்டால் என்ன குறைந்துவிடும் என்று எனக்கு ஆத்திரமாக வந்தது. பிரவீனுக்கு அப்படித் தோன்றவில்லை போலிருக்கிறது. மாதுவுக்குப் பஸ் காசைக் கையில் கொடுத்தார்.

வியாழக்கிழமை மதியம் என் கடையும் பூட்டு, அக்கா கடையும் பூட்டு. மாது ஹோல்டரை மாட்டி, டிப்பின் இரண்டாம் மூலையைப் பொருத்தி, ஒரு நிமிடம் கண்ணை மூடி நின்றுவிட்டு லேத்தை ஓட்டினார். பதினோராவது புஷ்ஷுக்கான துண்டு சுழன்றது. டிப் உள்ளே இறங்கி வெளியே நகர ஆரம்பித்தது. கூலண்ட் கொட்டுகிற சத்தத்துக்கு நடுவில் சன்னமாக ஒரு சீறல். சுருள் நிறம் மாறினால் சூடு ஏறுகிறது என்று அர்த்தம் என்று மாது முன்பே சொல்லியிருந்தார். அதனால் நாங்கள் நான்கு பேரும் சுருளையே பார்த்துக்கொண்டிருந்தோம். வெள்ளை வெளேரென்று வந்துகொண்டே இருந்தது. கடைசி நூல் வரைக்கும் வெள்ளைதான். பிரவீன் மைக்ரோமீட்டரை வைத்து இரண்டு தடவை அளந்தார். அளவு சரியாக இருந்தது, மேல்பரப்பில் ஒரு கீறல் இல்லை.

பன்னிரண்டாவது புஷ்ஷுக்குப் புதிதாக இன்னொரு டிப்பின் இரண்டாம் மூலையை வைக்கச் சொன்னார் பிரவீன். அக்கா என்னமோ சொல்ல வாயெடுத்தார். இதே மூலை இந்தப் பக்கமும் இரண்டு ஓடுகிறதா என்று பார்க்கலாமே, அதுதான் அவர் மனதில் இருந்தது; அவர் முகத்தைப் படிக்க எனக்குத் தெரியாதா? ஆனால் பிரவீனைப் பார்த்தவர் உதட்டைக் கடித்துக்கொண்டு, ஆமாம், புதுசே வையுங்கள் என்றார். அவர் ஒரு கேள்வியை விழுங்கினதை அன்றைக்குத்தான் நான் பார்த்தேன். பன்னிரண்டாவதும் வெள்ளையாக வந்து முடிந்தது. மாது லேத்தை நிறுத்திவிட்டுத் தரையிலேயே உட்கார்ந்துவிட்டார்.

வெள்ளிக்கிழமை சாயங்காலம் வரை அக்கா சரியாக வேலை செய்யவில்லை. ஒரு தாம்பாளத்தை மூன்று தடவை சரிபார்த்துவிட்டுத்தான் எழுதினார். ஐந்தரை மணிக்கு பிரவீன் வந்தார். இந்தத் தடவை பைக்கை ஒழுங்காக நிறுத்தினார். செவ்வாய்க்கிழமை நின்று கத்தின அதே இடத்தில் நின்று, பன்னிரண்டும் பாஸ், வேலை கிடைத்துவிட்டது என்று எல்லாருக்கும் கேட்கிற மாதிரி சொன்னார். எதிர்க்கடைக்காரர்கள் கூடிவிட்டார்கள். கம்பெனி என்ஜினீயர் எந்த டிப்பில் ஓட்டினீர்கள் என்று கேட்டு, டிப்புகளை வாங்கிப் பார்த்துவிட்டு, இதை யார் செய்தது என்றாராம். எங்கள் ஊரில் ஷகிலா என்று ஒருவர், விஷயம் தெரிந்துதான் விளிம்பை ஒட்டி எழுதிக் கொடுத்தார், எனக்குத்தான் புரியாமல் போய்விட்டது என்று பிரவீன் சொல்லியிருக்கிறார். அதையே இங்கே கூட்டத்துக்கும் சொன்னார். எனக்குச் சந்தோஷத்தில் கண் நிறைந்துவிட்டது. போன நல்ல பெயர் ஒன்றுக்கு இரண்டாகத் திரும்பி வந்துவிட்டது, இதைவிட வேறென்ன வேண்டும் என்று நினைத்தேன்.

ஷகிலாக்கா கையைத் துடைத்துக்கொண்டு வெளியே வந்தார்.

"தெரிஞ்சு எழுதலீங்க தம்பி. கொடத்துக்கு எழுதறாப்பல எழுதிட்டேன். தப்பாத்தான் எழுதினேன். அங்கயும் அப்பிடியே சொல்லிடுங்க."

பிரவீன் திகைத்துப் போனார். அக்காவுக்கு நல்ல பெயர்தானே கிடைக்கிறது, இதில் யாருக்கு என்ன நஷ்டம் என்று கேட்டார். நானும் பின்னாலிருந்து அவர் முந்தானையை இழுத்தேன்.

"தெரிஞ்சவங்கன்னு சொல்லிட்டா, யாரும் என்கூட ஒக்காந்து பாக்க மாட்டாங்க. செஞ்சு குடுன்னுதான் கேப்பாங்க. எனக்கு அது ஏன் ஓடுச்சுன்னு தெரியணும். சாய்வா இருந்தா ஏன் அடைக்குதுன்னு தெரியணும்."

எனக்கு அவமானமாக இருந்தது, கோபமாகவும் இருந்தது, எதற்கென்று இன்னும் எனக்குப் பிடிபடவில்லை. பிரவீன் அங்கேயே போனை எடுத்து ஓசூர் என்ஜினீயரைக் கூப்பிட்டார். காலையில் நான் சொன்னது சரியில்லை சார் என்று ஆரம்பித்து, நடந்ததை ஒன்று விடாமல் சொன்னார். குடத்தையும், விளிம்பையும், நூல் இடைவெளியையும், தாள் முக்கோணத்தையும் சொன்னார். அந்தப் பக்கம் என்ன பேசினார்களோ, போனை அக்காவிடம் நீட்டினார்.

அக்கா முந்தானையைச் சரிசெய்துகொண்டு போனை வாங்கினார். சொல்லுங்க சார் என்றார். ஓரத்திலிருந்து எவ்வளவு தள்ளி எழுதினார், கோட்டுக்குக் கோடு எவ்வளவு இடம் விட்டார், மிஷினில் என்ன வேகம் வைத்தார் என்று ஒவ்வொன்றாகச் சொல்லிக்கொண்டே வந்தார். பிறகு தன் கேள்வியைக் கேட்டார். கேட்டுவிட்டுக் காத்திருந்தார். அந்தப் பக்கம் என்னமோ சொன்னார்கள். அக்கா போனைக் கையால் பொத்திக்கொண்டு என் பக்கம் திரும்பினார், கண்ணிலிருந்து தண்ணீர் வழிந்தது.

"மணி, அவுங்களுக்கும் தெரியலையாம். திங்கக்கிழம துண்டு எடுத்துட்டு வராங்களாம், ஒக்காந்து பாக்கலாம்னு."

இத்தனை வருடம் பக்கத்துக் கடையில் இருந்தும், அவர் முகத்தில் அப்படியொரு சந்தோஷத்தை அதற்கு முன்னால் நான் பார்த்ததே இல்லை.